மூன்றாம் நாள் இனிப்பு

நா யாங் கிராமம்
புத்த வருடம் 2541, ஜனவரி

கியட்,

என் சின்னத் தவளையே, அம்மா எழுதுகிறேன். நீ அங்கே சுகமாக இருக்க வேண்டும். நான் சுகம். பனி தொடங்கியதிலிருந்து இருமல் மட்டும் விடவில்லை. கோழிகளும் சுகம்.

உன்னைக் கோயில் வாசலில் விட்டுவிட்டு பஸ் ஏறியபோது நீ திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் இறங்கி ஓடி வந்திருப்பேன். பக்கத்து வீட்டு புவாலாய் அத்தைதான் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, இப்ப இறங்கினா பஸ்சும் போச்சு, புள்ளயும் போச்சு. பேசாம உக்காரு" என்றாள். உட்கார்ந்துவிட்டேன்.

நாலாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து, தப்பிருந்தால் சிரிக்காதே. அங்கே போன் கூடாது, கடிதம் போடலாம் என்று கம்சிங் பிக்கு சொன்னார். அதனால்தான் பேனா எடுத்தேன்.

உன் ஜன்னலில் நீ அடித்த ஆணிகளைப் பிடுங்கிவிட்டேன். புளியமரத்தில் போலீஸ்காரர்கள் உட்கார்ந்து உன்னைப் பார்க்கிறார்கள் என்று சொல்லிப் பலகை வைத்து அடித்தாயே. மரத்தில் மைனாதான் உட்கார்ந்திருக்கிறது. கரும்பு லாரிகள் இந்த வருடமும் நம் வாசல் வழியாகத்தான் ஆலைக்குப் போகின்றன. ஹாரன் கேட்டால் நீதான் என்று எழுந்துவிடுகிறேன். பிறகு ஞாபகம் வருகிறது.

அந்தக் குதிரை மாத்திரையை உனக்கு முதலில் கொடுத்தது யார் என்று நான் கேட்கப்போவதில்லை. தூங்காமல் லாரி ஓட்ட எல்லாரும் போடுகிறார்கள் என்றாய். சரி. தட்டு வைத்தால் "பசிக்கலைம்மா" என்று தள்ளிவிடுவாயே, இப்போது பசிக்கிறதா?

இது ஒன்றுக்கு மட்டும் பதில் எழுது. முழுசாகக் குணமாகிவிடுமா?

பிக்குமார் சொல்வதைக் கேட்டு நட.

அம்மா


குகைக் கோயில்
பிப்ரவரி

அம்மாவுக்கு வணக்கம்.

உன் இருமலுக்கு இஞ்சியைத் தட்டிக் கொதிக்க வைத்துக் குடி. புகையில் உட்கார்ந்து அரிசி அவிக்காதே. எனக்கு இப்போது பசிக்கிறது. வெட்கம் கெட்டுப்போய் இரண்டாம் முறை சோறு கேட்கிறேன்.

இங்கே வைத்தியம் என்றால் வாந்திதான். சின்னக் கிண்ணத்தில் கறுப்பாக ஒரு மருந்து. அதைக் குடித்ததும் வாளித் தண்ணீரைக் குடிக்க வேண்டும். சாக்கடை ஓரம் வரிசையாக முட்டி போட்டு எல்லாரும் வாந்தி எடுக்கிறோம். பழைய ஆட்கள் எதிரே நின்று மேளம் தட்டி, "வரட்டும் வரட்டும், போன வருஷம் தின்னதும் வரட்டும்" என்று பாடுகிறார்கள். என் பக்கத்தில் ஒரு மீன்பிடிப் படகுக்காரர். வாந்திக்கு நடுவில் என்னைப் பார்த்து, "தம்பி, எங்க படகு இதைவிடத் தேவலடா" என்றார். சிரித்ததில் எனக்கு மூக்கு வழியாக வந்துவிட்டது.

மருந்துக்கு முன்னால் சத்தியம் செய்ய வேண்டும். அதுதான் பெரிய விஷயம். கம்சிங் பிக்கு என்னை எதிரில் உட்கார வைத்துக் கேட்டார்.

"எத்தனை வருஷத்துக்கு? அஞ்சுன்னு சொல்லு. அது முடிஞ்சா இன்னொரு அஞ்சு பாத்துக்கலாம்."

"ஆயுசுக்கும்."

"முதல் நாள் எல்லாப் பயலும் அப்படித்தான் சொல்றான். நிதானமா சொல்லு."

"ஆயுசுக்கும் சாமி."

அவர் தலையாட்டினார். மாத்திரை, சாராயம், கஞ்சா, போதை உள்ள எதுவும் சாகும்வரை என் நாக்கில் படக்கூடாது. இந்தக் கோயிலில் ஒருவனுக்கு ஒரு முறைதான் வைத்தியம். சத்தியத்தை உடைத்தவனுக்கு வாசல் மறுபடி திறக்காது. அழுதாலும் திறக்காது, தாய் வந்து காலில் விழுந்தாலும் திறக்காது. அதனால்தான் இது வேலை செய்கிறது என்கிறார்கள்.

வேறு விசேஷம் இல்லை. கோழிகளைக் கேட்டதாகச் சொல்.

கியட்


நா யாங்
மார்ச்

கியட்,

சுகமாக இரு. இஞ்சி குடித்தேன், இருமல் குறைந்திருக்கிறது.

உன் கடிதத்தைச் சந்தையில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். வாந்தி எடுத்ததை விட்டுவிட்டு வாசித்தேன். "ஆயுசுக்கும்" என்ற இடத்தில் மீன்காரி அழுதுவிட்டாள். கொத்தமல்லிக்காரர், "சன்பெங், உன் மகன் குணமாயிட்டான், இனிமே நீ தூங்கலாம்" என்றார். நானும் "ஆமாம், குணமாயிட்டான்" என்று சொல்லிவிட்டேன். எதிரே பழைய லாரிக்காரர்கள் இரண்டு பேர் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் சிரித்தான். எதற்குச் சிரித்தான் என்று தெரியவில்லை.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லையே. முழுசாகக் குணமா?

சோங்க்ரான் புத்தாண்டுக்கு ஊர் முழுவதும் பிள்ளைகள் வருவார்கள். நீ ஒரு நாள் வந்தால் போதும். என் கையில் நீ தண்ணீர் ஊற்ற வேண்டும், நான் உன்னை ஆசீர்வாதம் செய்ய வேண்டும். உனக்காகக் காவ்மாக் போடப்போகிறேன். விற்பதற்குப் போடுகிற மாதிரி இல்லை, நல்ல ஒட்டரிசியாக வாங்கி ஏழு தண்ணீர் கழுவி, புளிக்க வைக்கிற மாவு உருண்டையைப் பொடித்துத் தூவி, இளம் வாழை இலையில் கட்டி வைப்பேன். மூன்றாம் நாள் எப்படி இனிக்கும் என்று உனக்குத் தெரியும். சின்ன வயதில் பொட்டலத்தின் அடியில் ஊறி நிற்கிற தேன் தண்ணீரை இலையோடு தூக்கி உறிஞ்சுவாய். மூஞ்சியெல்லாம் பிசுபிசுப்பாகி எறும்பு ஏறும்.

வந்துவிடு.

அம்மா


குகைக் கோயில்
ஏப்ரல் தொடக்கம்

அம்மாவுக்கு வணக்கம்.

நீ சுகம் என்று தெரிந்து சந்தோஷம்.

ஒரு வருடமாவது ஊர்ப் பக்கம் தலை வைக்காதே என்கிறார் கம்சிங் பிக்கு. "உங்க ஊர் ரோடு உனக்கு ஆகாது" என்கிறார். நீ கேட்ட பிறகு எப்படி வராமல் இருப்பேன்? வருகிறேன். ஒரு நாள்தான். அங்கிருந்து நேரே கோராட்டுக்குப் போகிறேன். அங்கே ஒரு ஐஸ் ஆலையில் பிக்கு எனக்கு வேலை பேசியிருக்கிறார். பகல் வேலை. லாரிப் பக்கமே போக வேண்டாம், கட்டி அறுப்பதுதான்.

ஒரு விஷயம். கோயிலுக்குள் இருக்கும்வரை எனக்கு ஒன்றும் இல்லை. நேற்று விறகு ஏற்றிய லாரி ஒன்று உள்ளே வந்தது. டீசல் வாசனை வந்ததும் என் தாடை தானாக அரைக்க ஆரம்பித்துவிட்டது. வாயில் ஒன்றுமே இல்லை. லாரி போன பிறகும் அரைத்தது. இதைச் சந்தையில் வாசிக்காதே.

சந்தையில் எதுவுமே வாசிக்காதே.

கியட்


நா யாங்
ஏப்ரல் கடைசி

கியட்,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். ஐஸில் நிற்கிறாய், காலுக்குப் பாலிதீன் சுற்றிக்கொள். நான் சுகம்.

நீ போனதிலிருந்து வீடு முழுவதும் நீ வந்த கதைதான். எவ்வளவு சதை வைத்திருக்கிறாய்! நீ என் கையில் தண்ணீர் ஊற்றியபோது கை நடுங்கவில்லை. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நீ காவ்மாக் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு திருட்டு முழி முழித்ததை நினைத்து நானும் புவாலாயும் இன்னும் சிரிக்கிறோம்.

"அம்மா, இது என்னிக்கு ஊற வச்சது?" என்று கேட்டாயே.

"பாருங்கடி, சந்தையில விக்கிறவ மகன் என்னையே நாள் கேக்குறான்! மூணாம் நாளு. தின்னுடா" என்றேன்.

நீ முகர்ந்து பார்த்தாய். உடனே புவாலாய், "என்னடா, பாம்பா உள்ள இருக்கு? காலைல நம்ம ஊரு பிக்குவோட பாத்திரத்துல இதே பொட்டலத்தைத்தான் போட்டோம். அவரே தின்னுட்டு ஏப்பம் விட்டாரு. நீ என்ன அவருக்கும் மேல சாமியாரா?" என்றாள். வாசலில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். உன் காதெல்லாம் சிவந்துபோனது. தண்ணீர் வாளியோடு நின்ற யாரோ, "குதிரைக்குப் புல்லு தின்னப் பயம்டோய்!" என்று கத்தினார்கள். நீயும் சிரித்துவிட்டு இலையைப் பிரித்தாய். அடித் தண்ணீரையும் சின்னப் பிள்ளை மாதிரி உறிஞ்சினாய். எனக்கு வயிறு நிறைந்துவிட்டது.

பிறகு ஏன் பஸ் வரும்வரை பேசாமல் உட்கார்ந்திருந்தாய்? களைப்பா?

இப்போதாவது எழுது. முழுசாகக் குணமாகிவிட்டாய்தானே?

அம்மா


கோராட், ஐஸ் ஆலை
ஜூன்

அம்மாவுக்கு,

சுகம். நீயும் சுகமாக இருப்பாய்.

அன்றைக்கு நான் சாப்பிட்ட காவ்மாக் நிஜமாகவே மூன்றாம் நாள்தானா, அதற்கும் மேலா? அதில் போடுகிற மாவு உருண்டையும் சாராயம் காய்ச்சுகிறவர்கள் வாங்குகிற உருண்டையும் ஒரே கடையில்தானே வாங்குகிறாய்? ஒரே உருண்டைதானா?

ஏன் கேட்கிறேன் என்று கேட்காதே. பதில் மட்டும் எழுது.

கியட்


நா யாங்
ஜூன்

கியட்,

உன் கடிதம் இவ்வளவு சின்னதாக வந்ததும் முதலில் பயந்துவிட்டேன். படித்த பிறகு சிரிப்பு வந்தது. காவ்மாக் நாக்கில் நிற்கிறதா? அதை நேரே கேட்டால் என்ன?

மூன்றாம் நாள்தான். அன்றைக்கு வெயில் அதிகம், அதனால் நாலாம் நாள் மாதிரி நன்றாகவே ஊறியிருந்தது. உருண்டை ஒரே கடைதான். சாராயக்காரர்கள் பெரிசை வாங்குவார்கள், நாம் சிறிசை வாங்குவோம். அவர்கள் கைக்குப் போனால் சாராயம், நம் கைக்கு வந்தால் பலகாரம். உன் பாட்டன் காலத்திலிருந்து அப்படித்தான்.

புவாலாயின் கொழுந்தன் கோராட்டுக்கு பஸ் ஓட்டுகிறான். அவனிடம் ஒரு கூடை கொடுத்து அனுப்பியிருக்கிறேன். வழியில் ஒரு நாள் கூடுதலாக ஊறும், இன்னும் இனிக்கும். ஆலையில் உன்னோடு வேலை செய்கிறவர்களுக்கும் கொடு. ஒருவனாகத் தின்னாதே.

உடம்பைப் பார்த்துக்கொள். ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறேன், ஒவ்வொரு கடிதத்திலும் தாண்டிப் போகிறாய். குணமா?

அம்மா


கோராட்
செப்டம்பர்

அம்மா அம்மா,

ரொம்ப நாள் எழுதவில்லை கோபிக்காதே நேரம் இல்லை ஆனால் இப்போது நிறைய நேரம் இருக்கிறது எவ்வளவு எழுதினாலும் கை வலிக்கவில்லை. சுகமா. நான் ரொம்ப சுகம். இவ்வளவு சுகமாக இருந்ததே இல்லை. உனக்கு வீடு கட்டப்போகிறேன். ஐஸ் கட்டி அறுக்கிற பெஞ்சை முழுக்க நானே கழுவினேன். யாரும் சொல்லவில்லை, நானாகவே கழுவினேன். மேஸ்திரி என் பள்ளிக்கூடப் பெயரைச் சொல்லி, "என்னடா புன்லெட், கல்யாணமா?" என்று கேட்டார். பசியே இல்லை.

உன் கூடை வந்தது அம்மா. யாருக்கும் கொடுக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு ஒன்றொன்றாகத் தின்றேன். தின்றுவிட்டுக் காத்திருந்தேன். முதல் பொட்டலத்தில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் ஒன்றும் இல்லை. நான் சிரித்துவிட்டேன், பார்த்தாயா வெறும் சோறு என்று. கூடை பாதி காலியானபோது காது சூடானது. அன்றைக்கு வாசலில் சூடான அதே காது, அதே சூடு. அப்போது தெரிந்துவிட்டது. சத்தியம் சோங்க்ரான் அன்றைக்கே போய்விட்டது அம்மா. அதற்குப் பிறகு நான் எதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்? ஒன்றும் இல்லாத பெட்டிக்குக் காவல் இருந்திருக்கிறேன்.

ஆலையில் ஒருத்தர் நான் எத்தனை கட்டி அறுக்கிறேன் என்று எண்ணிக்கொண்டே இருக்கிறார். முகத்தைக் காட்டமாட்டேன் என்கிறார். ஜன்னல் வழியாகத்தான் எண்ணுகிறார், அதனால் ஜன்னலுக்கு ஆணி அடித்துவிட்டேன். இப்போது பரவாயில்லை.

வீட்டுக்கு என்ன கலர் அடிக்கலாம் என்று எழுது.

உன் கியட்


நா யாங்
அக்டோபர்

வணக்கத்துக்குரிய கம்சிங் பிக்கு அவர்களுக்கு,

நா யாங் கிராமத்து சன்பெங் விழுந்து கும்பிட்டு எழுதுகிறேன். சாமி சுகமாக இருக்க வேண்டும். சரியாக எழுதத் தெரியாதவள், தப்பிருந்தால் பொறுக்க வேண்டும்.

என் மகன் புன்லெட் ஜன்னலுக்கு ஆணி அடித்திருக்கிறான். இதற்கு என்ன அர்த்தம் என்று சாமிக்குத் தெரியும்.

கடிதம் வந்ததும் கோராட்டுக்கு ஓடினேன். ஐஸ் ஆலையில், "அவன் போய் கொஞ்ச நாளாச்சும்மா. நல்லா வேலை செஞ்சான். கடைசில ரொம்ப நல்லா செஞ்சான், அப்பவே எங்களுக்குப் புரிஞ்சுபோச்சு" என்றார்கள். எங்கே போனான் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆணியைப் பிடுங்கச் சொல்லி அவன் அறையைப் பார்த்தேன். மூலையில் வாழை இலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து அடுக்கி வைத்திருந்தான். நான் கட்டிய இலைகள். காய்ந்து கருத்துப்போயிருந்தன.

சாமி, காவ்மாக் தின்றால் சத்தியம் உடையுமா? பல் முளைத்ததிலிருந்து நாங்கள் தின்கிறோம். பிக்குமாருக்கும் படைக்கிறோம். அதைத் தின்று யாரும் தள்ளாடி நான் பார்த்ததில்லை. அவன் வேண்டுமென்று தின்னவில்லை. நான் கொடுத்தேன், பக்கத்து வீட்டுக்காரி கேலி செய்தாள், அவன் தின்றான். அதில் போதை இருந்தால் அந்தப் பாவம் எங்கள் கணக்கில் போகட்டும்.

அவன் அங்கே வந்தால் வாசலைத் திறந்துவிட வேண்டும். ஒரு முறைதான் என்று தெரியும். தாய் காலில் விழுந்தாலும் திறக்காது என்றும் அவன் எழுதியிருந்தான். இருந்தாலும் விழுகிறேன்.

சன்பெங்


குகைக் கோயில்
நவம்பர்

தாய் சன்பெங்குக்கு,

நலமே விளையட்டும். உங்கள் கடிதம் கிடைத்தது. தாமதத்துக்குக் காரணம், என்ன எழுதுவது என்று தெரியாமல் வைத்திருந்தேன்.

புன்லெட் இங்கே வந்தான். உங்கள் கடிதம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால். வாசலுக்கு வெளியே உட்கார்ந்துகொண்டு என்னைக் கூப்பிடச் சொன்னான். பார்த்ததுமே, மாத்திரை உடம்பில் இருக்கிறது என்று தெரிந்தது. நீங்கள் என்னிடம் கேட்ட அதே கேள்வியைத்தான் அவனும் கேட்டான்.

நான் சொன்னேன்: "சோத்துல சத்தியம் உடையாதுடா. உங்கம்மா குடுத்தாங்க, நீ தின்ன. அதுல என்ன இருக்கு? அன்னிக்கே எனக்கு ஒரு வரி எழுதியிருந்தா நான் சொல்லியிருப்பேனே."

அவன் கை கூப்பினான். பிறகு, "அப்ப நான் மாத்திரை போட்ட அன்னிக்கு அது முழுசா இருந்துச்சா சாமி?" என்று கேட்டான்.

நான் பொய் சொல்லக்கூடாதவன். "இருந்துச்சு" என்றேன்.

சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று இன்றுவரை தோன்றுகிறது.

வாசலைத் திறக்கச் சொல்லிப் பெரிய பிக்குவிடம் கேட்டேன். முடியாது என்றார். ஒருவனுக்குத் திறந்தால் உள்ளே இருக்கும் அத்தனை பேரின் சத்தியமும் தளர்ந்துவிடும் என்றார். அது நியாயம்தான். சோற்றுத் தட்டோடு நான் வெளியே போய் அவனோடு தரையில் உட்கார்ந்தேன். பசிக்கவில்லை என்றான். ஏன் முதலிலேயே எழுதிக் கேட்கவில்லை என்று கேட்டேன். "நீங்க உடையலைன்னு சொல்லிட்டா அப்புறம் எந்தச் சாக்குல மாத்திரை போடறதுன்னு பயம்" என்றான். அது எனக்குப் புரிந்தது. உங்களுக்குப் புரியாமல் இருந்தால் நல்லது.

அவனுக்கு எழுதிய கடிதங்களில் நீங்கள் ஒன்றைக் கேட்டுக்கொண்டே இருந்ததாகச் சொன்னான். அதற்கு நான் பதில் சொல்கிறேன். எனக்கு அபின் பழக்கம் இருந்தது. இந்த வாசலுக்குள் வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்றும் நான் தனியாக பஸ் நிலையத்துக்குப் போவதில்லை. யாராவது கூட வந்தால்தான் போவேன். அன்றைக்கு அவனோடு உட்கார்ந்திருந்ததுதான் கோயில் ஆள் துணை இல்லாமல் வாசலுக்கு வெளியே நான் இருந்த ஒரே நேரம். அவன் எழுந்து நடந்தபோது நானும் எழுந்தேன். பின்னால் ஓட வேண்டும் என்று இருந்தது. ரோடு வரைக்கும் போய்விட்டுத் திரும்பிவிட்டேன். அவனுக்காகப் பயந்தேனா, எனக்காகப் பயந்தேனா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

வடக்குப் பக்கமாகத்தான் போனான். வீட்டுக்கு வருவான் என்று நம்புகிறேன்.

கம்சிங்


நா யாங்
2542, ஒன்பதாம் மாதம்

கியட்,

அம்மா எழுதுகிறேன். இங்கே சுகம் என்று எழுதிப் பழகிவிட்டது. மழை நன்றாகப் பெய்திருக்கிறது. இருமல் போய்விட்டது. கோழிகளை விற்றுவிட்டேன்.

கரும்பு வெட்டு தொடங்கியதும்தான் நீ வந்து சேர்ந்தாய். நம் ஊர் திருப்பத்துக்குச் சற்று முன்னால், ஆலை ரோட்டில். லாரிக்காரன் பிரேக் போட்ட தடம் மழை வரும்வரை தாரில் இருந்தது. நீ வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாய் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அந்த ரோடு மாத்திரை விற்கிற லாரி நிறுத்தத்துக்கும்தான் போகிறது. வீட்டுக்கு என்றே வைத்துக்கொண்டேன்.

அந்த லாரிக்காரன் உன் சவப்பெட்டிக்கு முன்னால் வந்து விழுந்து கும்பிட்டான். உன்னைவிடச் சின்னவன். அடிக்கப் போனவர்களைத் தடுத்துவிட்டு அவன் முகத்தைத் தூக்கிப் பார்த்தேன். கண் சிமிட்டவே இல்லை. தாடை அரைத்துக்கொண்டே இருந்தது. வாயில் ஒன்றும் இல்லை.

"சாப்பிட்டியா தம்பி?" என்றேன்.

"பசிக்கலைம்மா" என்றான்.

அதற்கு மேல் அவனை நான் ஒன்றும் கேட்கவில்லை. அவனுடைய அம்மா எந்த ஊர் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். இன்னும் போகவில்லை.

காவ்மாக் போடுவதை நிறுத்திவிட்டேன். வாழைப்பழம் பொரித்து விற்கிறேன். சந்தையில் பழைய ஆட்கள், "என்ன சன்பெங், மூணாம் நாள் சரக்கு இல்லையா?" என்று கேட்பார்கள். இல்லை என்பேன். புவாலாய் அன்றைக்கு உன்னைக் கேலி செய்ததை நான் ஒரு நாளும் அவளிடம் பேசியதில்லை. அவளும் பேசியதில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவள் சத்தம் போட்டுச் சிரித்து நான் கேட்கவில்லை. பிக்கு எழுதிய கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். "அப்ப சோறு காரணமில்லைக்கா" என்று அழுதாள். அவளுக்கு அது ஆறுதலாக இருந்தது. எனக்கு இல்லை. சோறுதான் காரணம் என்றால் நான் என்னைத் திட்டிக்கொண்டு கிடப்பேன். சோறு இல்லை என்றால், நீ என் முன்னால் உட்கார்ந்து தண்ணீர் ஊற்றியபோது, கை நடுங்காமல் இருந்தபோது, உள்ளே எப்படி இருந்திருப்பாய்? நான் அதைக் கேட்கவே இல்லையே. குணமா குணமா என்றுதான் கேட்டேன். எனக்கு ஆமாம் என்ற பதில் வேண்டியிருந்தது. இன்றைக்கு எப்படி இருக்கிறாய் என்று கேட்டிருந்தால் எழுதியிருப்பாயோ என்னவோ.

நாளை விடிகாலையில் செத்தவர்களுக்குச் சோறு வைக்கிற நாள். ஊரே வாழை இலைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருக்கிறது. கோயில் மதில் ஓரமாகத் தரையில் வைத்தால் நீங்கள் எல்லாரும் வந்து எடுத்துக்கொள்வீர்களாம். உனக்கு முதல் பொட்டலம் இதுதான். ஒட்டரிசிச் சோறு வைத்தேன், வறுத்த மீன் வைத்தேன், வாழைப்பழமும் வைத்தேன். புவாலாய் பார்த்துவிட்டு, "புள்ளைக்குப் பிடிச்சது ஒண்ணையாவது வை அக்கா. ஒருத்தனும் வெறும் வாயோட திரும்பக் கூடாது" என்றாள்.

முந்தாநாளே அரிசி கழுவிப் போட்டுவிட்டேன். யாருக்கும் சொல்லவில்லை. நாளைக்கு மூன்றாம் நாள். பொட்டலம் அடுக்களையில் இருக்கிறது. வாசனை வர ஆரம்பித்துவிட்டது. வைக்கவும் கை வரவில்லை, கொட்டவும் மனம் வரவில்லை.

இந்த மாதிரிப் பொட்டலம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "அம்மா, இது என்னிக்கு ஊற வச்சது?" என்று கேட்டாயே. நீ நாள் கேட்கவில்லை என்று இப்போது தெரிகிறது. கியட், அன்றைக்கு நான் என்ன சொல்லியிருந்தால் நீ அதைக் கீழே வைத்திருப்பாய்?